கீழக்குளம் பச்சையானதுல அவ சொல்லாத பாதி

காலையில மேடையில பேசிட்டு எறங்குச்சே ஒரு அம்மா, அரக்குக் கலர் புடவை, நீங்கள்லாம் அவ்வளவு நேரம் கைதட்டுனீங்களே, அது என் சம்சாரம்தான். பேரு வேதவல்லி. நான் பக்கிரிசாமி. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்க மருதவெளின்னு ஊரு. அண்ணன் எந்தப் பக்கம்? திண்டிவனமா, நல்லது. பொட்டலத்தைப் பிரிங்க, எலுமிச்சை சோறு ஆறுனா நல்லாருக்காது. தயிர் சாதம் வேணும்னா என்னுதுலேர்ந்து எடுத்துக்குங்க, எனக்குப் புளிப்பு ஆகாது. இந்த உழவர் பயிற்சி மையத்துல சாப்பாட்டுக்கு மட்டும் குறை வைக்க மாட்டாங்க.

ஒண்ணு சொல்லிடுறேன். அவ மேடையில சொன்னதுல பொய் கிடையாது. பொய் சொல்ற பொம்பளை இல்ல அவ. ஆனா முழுசும் சொல்லல. "எங்க குளத்து மீனைக் கொன்னது எங்க வீட்டுக்காரர்தான், அந்தா மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு"ன்னு கையைக் காட்டுனா பாருங்க, மண்டபம் பூரா திரும்பிப் பாத்துச்சு. நான் என்ன பண்றது, எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டேன். கொன்னாருன்னு சொல்லலாமா அண்ணே? நான் என்ன அரிவாளை எடுத்துக்கிட்டா குளத்துல எறங்குனேன்? நான் என் வயலுக்கு உரம் போட்டேன். அவ்வளவுதான்.

என் வயல் ஒம்போது மா. உங்க கணக்குல மூணு ஏக்கர். வேதாரண்யம் போற பஸ்ஸு அதை ஒட்டித்தான் போகும். ரோட்டோர வயல் வச்சிருக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொல்லைப்புறத்துல ஒரு வயல் வெளுத்துக் கிடந்தா யாரு பாக்கப் போறா? ரோட்டோரத்துல வெளுத்தா டிரைவர்லேர்ந்து எல்லாரும் பாப்பாங்க. அதனால நான் வெளுக்க விட்டதில்ல. கருகருன்னு வச்சிருப்பேன். பஸ்ஸுல போறவங்க தலையை நீட்டிப் பாப்பாங்க. ஊர்ல எனக்குப் பேரே யூரியா பக்கிரி. சும்மாவா ஒரு பட்டம் குடுப்பாங்க?

பக்கத்து வயல் கோதண்டத்தோடது. அவன் ஒரு மூட்டை போட்டா நான் ரெண்டு மூட்டை போடுவேன். இதுல போட்டி பொறாமைன்னு ஒண்ணுமில்ல, அவன் பயிரு பக்கத்துல என் பயிரு மட்டமாத் தெரியக்கூடாது, அதான். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு முக்கால் மூட்டை போதும்னு நோட்டீஸ்ல போட்டிருப்பான். நோட்டீஸ் அடிக்கிறவனுக்கு ரோட்டோர வயல் இருக்கா என்ன?

இப்ப குளத்துக்கு வர்றேன். என் வயலுக்குக் கீழண்டை கீழக்குளம். ஊராட்சிக் குளம். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் சம்சாரமும் இன்னும் பத்துப் பொம்பளைங்களும் குழுவாச் சேந்து அதைக் குத்தகைக்கு எடுத்தாங்க. கட்லா, ரோகு, மிருகால்னு குஞ்சு வாங்கி விட்டாங்க. அன்னியிலேர்ந்து இவளுக்கு வேற நெனப்பே கிடையாது. விடிஞ்சதும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைஞ்சு எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிடுவா. மீனுங்கிட்ட பேசுவா அண்ணே. "ஏண்டி, நேத்து சரியாச் சாப்பிடலியாமே"ன்னு கேப்பா. முப்பத்தோரு வருஷத்துல என்னை ஒரு நாள் அப்படிக் கேட்டதில்ல. நான் அதையும் பெருசு பண்ணல.

அந்த வருஷம் சம்பா நல்லா வந்துச்சு. நட்டு முப்பதாம் நாள் ரெண்டாவது மேலுரம். ஏக்கருக்கு ரெண்டு மூட்டை வீதம் ஆறு மூட்டை யூரியாவை வீசுனேன். கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு. மறுநாளே மழை புடிச்சுக்கிச்சு. ஐப்பசி மழை, கேக்கணுமா. வயல்ல தண்ணி ஏறிக்கிட்டே போகுது. பயிரு முழுகுனா என்னாகும்? வடிகால் மடையைத் திறந்து விட்டேன். யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. தண்ணி வாய்க்கால்ல எறங்கிச்சு, வாய்க்கால் குளத்துல எறங்கிச்சு. நான் அனுப்பல. அது போச்சு.

ஒரு வாரத்துல குளம் பச்சையாயிடுச்சு. சாதாரணப் பச்சை இல்ல, பெயிண்டு டப்பாவைக் கவுத்த மாதிரி. நான் கரையில நின்னு பாத்துட்டு என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன், "பாருடி, என் வயலு பக்கத்துல இருந்தா குளம்கூடச் செழிப்பா ஆயிடுது"ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. கொஞ்சம் பச்சை இருந்தா மீனுக்குத் தீனி, நல்லதுதான்னு குழுவுல யாரோ சொல்லியிருந்தாங்களாம். அதனால அவளுக்கும் சந்தோஷம். இந்தச் சிரிப்பை அவ மேடையில சொன்னாளா? சொல்லலியே.

அதுக்கப்புறம் அஞ்சாறு நாள் வெயிலே இல்ல. வானம் மூடியே கிடந்துச்சு. ஒரு நாள் விடியக்காலை இவ கத்துன சத்தம் வயல் வரைக்கும் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பாத்தா, மீனெல்லாம் தண்ணிக்கு மேல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. காத்துக்குத் தவிக்குது. வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மல்லாந்துடுச்சு. மறுநாள் மீதி. உள்ளங்கையை விரிச்ச அளவுக்கு வளந்திருந்த மீனுங்க. பதினோரு பொம்பளைங்களும் கரையில வரிசையா நின்னாங்க. யாரும் அழுவல. தையநாயகின்னு ஒரு சின்னப் பொண்ணு, அது மட்டும் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு செத்த மீனைக் கூடையில அள்ளிக்கிட்டே இருந்துச்சு. போதும்மான்னு சொன்னாலும் கேக்கல. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல அண்ணே. அதைச் சொல்லணும்ல.

சோறு எறங்காதவன் சும்மா இருந்திருக்கலாம். நான் யாரு பண்ணாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

அப்ப எங்க ஊர்ல இடும்பன்னு ஒருத்தர் வாத்து மேய்க்க வந்திருந்தாரு. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு, முன்னூறு வாத்து. குறுவை அறுத்த வயல்ல மேச்சுக்கிட்டு ஊரு ஊராப் போறவங்க. அவரு வாத்து ரெண்டு நாள் குளத்துல எறங்கி நீந்துச்சு. எனக்குப் பொறி தட்டிச்சு. வாத்துலேர்ந்துதான் ஏதோ சீக்கு வந்திருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். கோயில் வாசல்ல கூட்டம் போட்டப்ப நான்தான் மொத ஆளா எந்திரிச்சேன். "வெளியூர் ஆளுங்களை ஊருக்குள்ள விட்டா இப்படித்தான். இந்த ஆளு வாத்தாலதான் மீனெல்லாம் போச்சு"ன்னு சத்தமாச் சொன்னேன். எனக்குக் குரல் நல்லா எடுக்கும். ஊர்ல எல்லாரும் தலையாட்டுனாங்க. அவரு எந்திரிச்சு, "அண்ணே, நான் வர்றப்பவே தண்ணி இந்தக் கலர்லதான் இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. யாரும் காதுல வாங்கல. அன்னிக்குச் சாயங்காலமே கிளம்பிடணும்னு முடிவாச்சு. மழைத் தூத்தல்ல, என் வயல் ஓரமாத்தான், முன்னூறு வாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அந்தம்மா தலையில சட்டி பானை. என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போனாங்க.

என் சம்சாரம் மட்டும் தலையாட்டல. எனக்கு அது புரியல. மறுநாள் ஒரு பாட்டில்ல குளத்துத் தண்ணியை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. ஒரு வாரம் கழிச்சு மீன்துறையிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. கண்ணாடி போட்டு, தோள்ல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள சின்னச் சின்ன கண்ணாடிக் குழாய். குளத்துத் தண்ணியை மோந்து ரெண்டு சொட்டு மருந்து விட்டாங்க. மஞ்சளா இருந்தது பச்சையாச்சு. கரையோரம் நடந்து வாய்க்கால் வந்து சேர்ற எடத்துல இன்னொரு குழாய். பச்சை கொஞ்சம் ஏறிச்சு. வாய்க்கால்ல ஏறி நடந்தாங்க. இன்னும் ஏறிச்சு. அப்படியே என் வயலைப் பாக்க நடந்து வர்றாங்க. என் பயிரைப் பாக்கத்தான் வர்றாங்கன்னு நெனச்சு நான் எளநீ வெட்டி வச்சிருந்தேன் அண்ணே.

மூணாவது மேலுரம் அப்பத்தான் போட்டிருந்தேன். மடையில தண்ணி வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா அதுல ஒரு குழாய் புடிச்சு மருந்தை விட்டாங்க. பச்சைன்னா பச்சை, என் பயிரு கலருக்கே வந்துடுச்சு. அவங்க கையில ஒரு அட்டை, கலர் கலராக் கட்டம் போட்டது, பச்சை ஏற ஏற தண்ணியில உரம் ஜாஸ்தின்னு அர்த்தமாம். அதோட வச்சுப் பாத்தா அட்டையில இருக்குற கடைசிக் கட்டத்தையும் தாண்டியிருக்கு. நான் கேட்டேன், "ஏம்மா, நம்மளுதுதான் முதலா?"

அந்தம்மா எளநீயைக் கையில வாங்கிக்கிட்டு, குடிக்காம, பொறுமையாச் சொன்னாங்க. "ஐயா, நீங்க ஆறு மூட்டை போட்டா உங்க பயிரு சாப்பிடுறது ரெண்டு மூட்டைதான். மத்தது காத்துலயும் தண்ணியிலயும் போயிடுது. தண்ணியில போனது குளத்துல பாசிக்குச் சோறு. பாசி மண்டி, வெயிலும் இல்லாமப் போனா, தண்ணியில இருக்குற மூச்சுக் காத்தை அதுவே எடுத்துக்கும். விடியறப்ப மீனுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப வாத்து?"ன்னேன்.

"ரெண்டு நாள் வாத்து எறங்கி ஒரு குளம் இப்படி ஆகாதுங்க"ன்னுட்டாங்க.

என் சம்சாரம் பக்கத்துல நின்னா. நான் அவளைப் பாக்கல. அந்த எளநீ மட்டையவே பாத்துக்கிட்டு நின்னேன். அந்தம்மா போனதுக்கப்புறம் அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அந்த வாத்துக்காரரை எங்க இருந்தாலும் தேடிப் போய்ப் பாருங்க."

"நான் எதுக்குப் போகணும்? நான் மட்டுமா சொன்னேன், ஊரே சொல்லுச்சு"ன்னேன்.

"ஊருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"ன்னா.

நான் போகல. பத்து நாள் போகல. ஆம்பளைக்கு ஒரு இது இருக்குல்ல. ஆனா பாருங்க, அப்பத்தான் ரெண்டாம் களை எடுக்கணும். எங்க ஊர்ல களை எடுக்குற பொம்பளைங்க யாரு? அதே பதினோரு பேருதான், என் சம்சாரத்தையும் சேத்து. போய்க் கூப்பிட்டேன். தையநாயகி சொல்லுச்சு, "உங்க வயல்ல எறங்குனா கால் அரிக்கும் பெரியப்பா, அவ்வளவு யூரியா"ன்னு. இன்னொருத்திக்கு இடுப்பு வலி. இன்னொருத்திக்கு மக வீட்டுல விசேஷம். எல்லாருக்கும் ஒரே வாரத்துல. கோதண்டம் வயல்ல மட்டும் எல்லாருக்கும் இடுப்பு சரியாயிடுச்சு. என் வயல்ல களை இடுப்பு உயரத்துக்கு நிக்குது. நான் போட்ட யூரியாவுல பயிரைவிட அதுதான் நல்லா இருந்துச்சு. பஸ்ஸுல போறவங்க இப்பவும் தலையை நீட்டிப் பாத்தாங்க. அது வேற பார்வை.

சரின்னு வண்டியை எடுத்தேன். வாத்துக்காரரைத் தேடுறது லேசுன்னு நெனச்சேன். முன்னூறு வாத்தை ஒளிச்சு வைக்க முடியுமா? மூணு நாள் அலைஞ்சேன் அண்ணே. டீக்கடை டீக்கடையா, "இந்தப் பக்கம் வாத்து போச்சா"ன்னு கேட்டா, எல்லாரும் ஒரு திசையைக் கைகாட்டுறாங்க, எல்லாம் வேற வேற திசை. ஒரு எடத்துல போய்ப் பாத்தா அது வேற ஆளோட வாத்து. கடைசியில தலைஞாயிறு தாண்டி ஒரு திடல்ல கண்டுபுடிச்சேன். இடும்பன் வாத்தை மடக்கிப் பட்டியில அடைச்சுக்கிட்டிருந்தாரு. அவரு பொஞ்சாதி அடுப்பு மூட்டிக்கிட்டிருந்தாங்க.

வழி பூரா என்ன பேசணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் போனேன். அவரு முகத்தைப் பாத்ததும் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "முட்டை இருக்கா?"

இருக்குன்னாரு. முப்பது முட்டை வாங்கிக்கிட்டேன். வாங்கிட்டும் போகாம நிக்குறேன். அவரு பாட்டுக்கு வாத்தை எண்ணிக்கிட்டிருக்காரு. கடைசியில, "அறுப்பு முடிஞ்சதும் நம்ம வயலுக்கு வாத்தைக் கொண்டாங்க. ஒம்போது மாவும் உங்களுக்குத்தான்"ன்னேன். என்னாலான வரைக்கும் அதுதான் வந்துச்சு.

அவரு பட்டி வலையை இழுத்துக் கட்டுனாரு. அப்புறம் சொன்னாரு, "அண்ணே, ஊருக்கு நடுவுல ஏசுனீங்க. இங்க வந்து தனியாக் கூப்பிட்டா எப்படி வர்றது? ஊருக்கு நடுவுலயே கூப்பிடுங்க. வர்றேன்." கோவமே இல்லாமச் சொன்னாரு. அந்தம்மா ஒரு தம்ளர்ல டீ ஊத்திக் குடுத்தாங்க. இன்னும் நாலு முட்டையைப் பையில போட்டாங்க. டீயைக் குடிச்சுட்டு வண்டியை எடுத்தேன்.

மறு வாரம் கூட்டம். நானே கூட்டச் சொன்னேன். அதே கோயில் வாசல். எந்திரிச்சு, "வாத்து மேல தப்பு இல்ல"ன்னேன். சொல்லிட்டு உக்காந்துட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

கோதண்டம் விடுவானா? "அப்ப யாரு மேல தப்பு?"ன்னான்.

"தண்ணி மேல"ன்னேன்.

"தண்ணி யாருது?"

"மழையோடது."

கூட்டத்துல லேசாச் சிரிப்புச் சத்தம். பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து என் சம்சாரம் உக்காந்தபடியே கேட்டா, "தண்ணியில இருந்த யூரியா யாருதுங்க?"

"கடைக்காரனுது"ன்னேன்.

"கடைக்காரரா நம்ம வயல்ல வந்து வீசுனாரு?"

அண்ணே, எல்லாரும் என்னையே பாக்குறாங்க. தையநாயகி பாக்குது. அந்தப் பொண்ணு அன்னிக்குக் கூடையில அள்ளுனது எனக்குக் கண்ணுல வந்து நிக்குது. இடும்பன் வீட்டம்மா தலையில சட்டி பானையோட மழையில போனதும் வந்து நிக்குது. மறுபடியும் எந்திரிச்சேன். அப்புறம் சொன்னேன். "சரி. என்னுதுதான். நான் போட்டதுதான். இடும்பனை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், அது தப்பு. அவரு இந்த ஊருக்கு வரணும், ஊரு சார்பா நான் கூப்பிடுறேன்."

யாரும் சிரிக்கல. கோதண்டம்கூடச் சிரிக்கல. மறுநாள் காலையில பதினோரு பேரும் களை எடுக்க வந்துட்டாங்க. இடுப்பெல்லாம் சரியாயிடுச்சாம்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் அவ மேடையில விலாவாரியாச் சொல்லிட்டாளே. பயிரோட பச்சையை ஒப்பிட்டுப் பாக்குற இலை வண்ண அட்டை, அது இப்ப அவ கையிலதான் இருக்கு. வாரா வாரம் வயல்ல எறங்கி பத்து இலையை அட்டையோட வச்சுப் பாப்பா. இலை வெளுத்திருந்தாத்தான் யூரியா. இல்லன்னா கிடையாது. அதுவும் வேப்பம்புண்ணாக்குக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமா. போட்டா ஒரு வாரத்துக்கு மடை மூடியிருக்கணும். மழை வர்ற மாதிரி இருந்தாப் போடவே கூடாது. என் வயலுக்கு என் சம்சாரம்கிட்ட உத்தரவு வாங்கிட்டு உரம் போடுறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். அதுலயும் நான்தான் முதல்.

போன சம்பாவுல என் வயல் கோதண்டம் வயலைவிட ஒரு பிடி வெளுப்பாத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசம் நான் பட்ட பாடு. பஸ்ஸு வர்ற நேரத்துக்கு வயலுக்குப் போறதையே விட்டுட்டேன். மார்கழியில ஒரு காத்து மழை அடிச்சுது. கோதண்டம் பயிரு கருகருன்னு வளந்து பாரம் தாங்காம அப்படியே படுத்துடுச்சு. என்னுது நின்னுச்சு. கண்டுமுதல் முந்தின வருஷத்துக்கு ஒரு மூட்டைகூடக் குறையல, பூச்சி மருந்தும் ஒரு தடவையோட போச்சு. விதை நல்ல விதைன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். இவ அட்டையைக் காட்டுறா. இருந்துட்டுப் போகட்டும். கோதண்டம் இப்ப வாரம் ஒரு தடவை எங்க வீட்டுக்கு அட்டையை எரவல் கேட்டு வர்றான்.

குளத்துல மறுபடியும் குஞ்சு விட்டாங்க. இந்தத் தடவை நல்லா வந்துச்சு, கட்லா ஒண்ணொண்ணும் ஒரு கிலோவுக்கு மேல. இடும்பன் அறுப்பு முடிஞ்ச நாலாம் நாள் வந்தாரு. மொத வயல் என்னுதுதான். ஊர் எல்லையில போய் நானே கூட்டிக்கிட்டு வந்தேன், முன்னூறு வாத்துக்கும் முன்னாடி நான் நடக்குறேன். பஸ்ஸு பதினஞ்சு நிமிஷம் நின்னுச்சு. டிரைவர் ஒரு ஆரன் அடிக்கல அண்ணே.

என் வருத்தம் என்னன்னா, நான் கூட்டத்துல எந்திரிச்சு என்னுதுதான்னு சொன்னேனே, அதை மட்டும் அவ மேடையில விட்டுட்டா. மீனைக் கொன்னதைச் சொன்னா, இடும்பனை வெரட்டுனதைச் சொன்னா, ஒத்துக்கிட்டதைச் சொல்லல. எறங்கி வந்ததும் கேட்டேன், ஏண்டி அதை விட்டுட்டேன்னு. "அதை நீங்கதான் சொல்லணும். ரெண்டு மணிக்கு உங்க பேரையும் எழுதிக் குடுத்திருக்கேன்"னுட்டுப் போறா. எனக்கு மைக்கைப் புடிச்சே பழக்கம் இல்ல. கோயில் வாசல்ல கத்துறது வேற, இது வேற.

மணி என்ன ஆச்சு? ஒண்ணே முக்காலா. அண்ணன் ஒரு உதவி பண்ணுங்க. நான் பேசி முடிச்சதும் மொதல்ல நீங்க கையைத் தட்டுங்க, மத்தவங்க தானாத் தட்டுவாங்க. இல்ல, வேண்டாம், பேசி முடிச்சதும் வேண்டாம். "என்னுதுதான்"னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த எடத்துல தட்டுங்க.